படுகைக்குப் போன ஒயர்

எங்கள் வீட்டில் டிவிக்காக ஒரு நாளும் சண்டை வந்தது கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் எத்தனையோ வீடுகளுக்கு விசாரணைக்குப் போய் வந்தவர், உங்களுக்கே தெரியும். புருஷனுக்கு நியூஸ், பெண்டாட்டிக்கு சீரியல், பிள்ளைக்கு கிரிக்கெட் என்று ரிமோட்டுக்கு அடிதடி நடக்கும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இப்போது கண்ணும் வேறாகிவிட்டது. எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. மூன்று டிவி, ஒரே பெட்டி. ஹாலில் நான் என்ன போடுகிறேனோ அதுதான் அடுப்படியிலும் ஓடும், அதுதான் படுகை வீட்டிலும் ஓடும்.

படுகை வீட்டையும் என் வீட்டோடு சேர்த்துச் சொல்கிறேனே என்று நிமிர்ந்து பார்க்கிறீர்கள். பழக்கதோஷம். அந்த மண் என் பாட்டன் வாங்கியது. அதில் குடியிருந்தவர்கள் வேறு குடும்பம் என்பதை என்னால் மனதில் நிறுத்திக்கொள்ளவே முடிந்ததில்லை. டீ ஆறுகிறது, குடியுங்கள். நான் எங்கேயும் போய்விடப் போவதில்லை.

என் பெயர் உத்திராபதி. திருப்பனந்தாளுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி எங்கள் ஊர். என் வீடு கரைக்கு இந்தப் பக்கம். கரைக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே கிடப்பதுதான் படுகை. நல்ல வண்டல். வாழை வைத்தால் குலையை ஒரு ஆள் தூக்க முடியாது. படுகையின் நடுவில் ஒரு மேடு, அந்த மேட்டில் என் குத்தகைக்காரன் பஞ்சநதத்தின் வீடு. மேட்டுக்கும் கரைக்கும் இடையில் ஒரு பள்ளம் ஓடுகிறது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் முதலில் அந்தப் பள்ளத்தில்தான் புகும். மேட்டில் இருக்கிறவன் ஆற்றைப் பார்த்து, அடடா தண்ணீர் வருகிறதே என்று எழுந்திருப்பதற்குள் முதுகுப் பக்கம் வழி அடைபட்டுப் போயிருக்கும். அதனால் ஏற வேண்டியவர்கள் தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்பே ஏறிவிட வேண்டும். நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் சொல்கிறேன்.

இதற்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கரைமேல் நிற்கும் இலுப்பை மரத்தில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் தொங்கும். மேலே தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற சேதி கிடைத்ததும் நிலத்துக்காரன் ஆளை அனுப்பி அந்தத் தகரத்தைத் தட்டச் சொல்ல வேண்டும். படுகைக்காரர்கள் மாடு கன்று, சட்டி பானையோடு ஏறி வந்துவிடுவார்கள். தகரம் ஒலிக்காதவரைக்கும் ஏற மாட்டார்கள். யார் என்ன சொன்னாலும் சரி, தகரம் சும்மா இருந்தால் பயமில்லை என்று அர்த்தம். அந்த நம்பிக்கையை நான் உண்டாக்கவில்லை. என் பாட்டன் காலத்திலிருந்தே அது இருந்தது.

ஊருக்கு ஊர் செங்கொடி ஏறி, கூலிக்கும் வாரப் பங்குக்கும் வெட்டுக்குத்து நடந்த காலத்தில்கூட பஞ்சநதத்தின் குடும்பம் எங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு கழக ஆட்சி வந்தது. குத்தகைக்காரன் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவனை நிலத்தைவிட்டு இறக்க முடியாது என்று சட்டம் வந்தது. பஞ்சநதம் போய்ப் பதிந்தான். அப்பா ஆட்சேபம் கொடுத்தார். தாசில்தார் முன்னால் விசாரணை நடந்தது. எங்கள் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கும் பஞ்சநதம், அன்றைக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். எனக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்த வயது. பதிவு செல்லும் என்று உத்தரவானது. வெளியே வந்ததும் அவன் அப்பாவிடம், "மனசுல வச்சுக்காதீங்க ஐயா. குத்தகை எப்பவும்போல வந்து சேந்துரும்" என்றான். துண்டைத் தோளிலிருந்து எடுக்காமலே சொன்னான்.

அதே வருஷம் கொள்ளிடத்தில் பெரிய வெள்ளம். அப்பா ஆளைக்கூட அனுப்பவில்லை. தானே போய், கை வீங்கிப்போகிற அளவுக்கு அந்தத் தகரத்தைத் தட்டினார். வழக்கில் நம்மைத் தோற்கடித்தவனுக்கு இது எதற்கு என்று கேட்டேன். "வழக்கு தாசில்தார்கிட்டடா. தண்ணி ஆத்துகிட்ட. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதே" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. அப்பா விவரமான மனிதர் இல்லை என்று மட்டும் விளங்கியது.

பஞ்சநதத்தின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள். சொன்ன சொல் தவறாதவன். வருஷா வருஷம் முதல் வாழைத்தார் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். என் கல்யாணத்துக்கு வாசலில் கட்டிய வாழைமரம் இரண்டும் அவன் கொண்டுவந்தவை. என் மனைவி சௌந்தரநாயகியும் பஞ்சநதத்தின் மனைவி பூவம்மாளும் கரைமேல் பார்த்துக்கொண்டால் பேசி முடிக்க ஒரு பொழுது ஆகும்.

டிவிக்கு வருகிறேன். அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு ஒரு கலர் டிவி கொடுத்தது நினைவிருக்கும். இருப்பவன், இல்லாதவன் பார்க்காமல் கொடுத்தார்கள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா? நானும் வரிசையில் நின்று வாங்கி வந்தேன். ஹாலில் ஏற்கெனவே பெரிய டிவி இருந்ததால் அது அடுப்படிக்குப் போயிற்று. பஞ்சநதம் வீட்டுக்கும் ஒன்று வந்தது. ஆனால் கேபிள்காரன் கரையைத் தாண்டி ஒயர் இழுக்க மாட்டேன் என்றுவிட்டான். பூவம்மாள் அந்த டிவிக்குக் குங்குமப் பொட்டு வைத்து, பழைய சேலையைப் போர்த்தி, மாதக்கணக்கில் சும்மா வைத்திருந்தாள். சௌந்தரநாயகி இதைச் சொல்லிச் சிரித்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையிலேயே பாவமாக இருந்தது. எல்லாம் அந்த நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததுதான்.

திருப்பனந்தாள் கடைத்தெருவில் டிஷ் மாட்டும் சேக் தாவூதை வரவழைத்தேன். மொட்டைமாடியில் டிஷ் வைத்தான். ஹாலில் செட்டாப் பெட்டி. பெட்டியிலிருந்து வருவதை ஒரு ஸ்பிளிட்டரில் விட்டு மூன்றாகப் பிரித்தான். ஒன்று ஹால் டிவிக்கு, ஒன்று அடுப்படிக்கு. மூன்றாவது ஒயர் ஒரு பூஸ்டர் வழியாகக் கொல்லையைக் கடந்து, இலுப்பை மரத்தில் ஏறி, பள்ளத்துக்கு மேலே மூங்கில் கம்பங்களைப் பிடித்துக்கொண்டு மேட்டு வீட்டுக்குப் போனது.

"ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கங்க ஐயா" என்றான் சேக் தாவூது. "பொட்டி ஒண்ணுதான். நீங்க வைக்கிற சேனல்தான் மூணுலயும் வரும். அவங்களா மாத்திக்க முடியாது. தனித்தனியா பாக்கணும்னா தனித்தனிப் பொட்டி வாங்கணும்."

"அது போதும்ப்பா" என்றேன். அன்றைக்கு அதற்குமேல் எதுவும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் சொல்லிவிடுவேன்.

அன்று சாயங்காலமே பஞ்சநதம் வந்தான். பூவம்மாள் டிவி முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லிச் சிரித்தான். "தண்ணி சேதியெல்லாம்கூட இதுல வருமுங்களா ஐயா?" என்று கேட்டான்.

"தினம் காலையில நியூஸ் வைப்பேன். மேட்டூர்ல எவ்வளவு, முக்கொம்புல எவ்வளவுன்னு சொல்லுவான். தண்ணி வர்றாப்ல இருந்தா அன்னிக்குப் பூரா நியூஸையே விட்டுர்றேன். நியூஸ் நிக்காம ஓடுச்சுன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு ஏறி வந்துரு. படமோ சீரியலோ ஓடுச்சுன்னா நிம்மதியா இரு."

"அப்ப இனிமே நியூஸுதான் நமக்குத் தகரம்" என்றான்.

மறுநாள் இலுப்பை மரத்துத் தகரத்தை அவிழ்த்தேன். துருப்பிடித்து, அடியெல்லாம் ஓட்டை. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன்.

ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. முதல் வருஷமே ஒரு வெள்ளம் வந்தது. நான் காலையிலிருந்து நியூஸை மாற்றாமல் வைத்தேன். அவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு உச்சிப்பொழுதுக்குள் ஏறி வந்துவிட்டார்கள். எங்கள் கொல்லையில்தான் சமைத்துச் சாப்பிட்டார்கள். அப்போது பூவம்மாள் விளையாட்டாகச் சொன்னாள். "ஐயா மட்டும் பழைய படத்தை வச்சிருந்தாருன்னா, நாங்க பாட்டுக்கு வாயப் பொளந்து பாத்துக்கிட்டே முழுவிப் போயிருப்போம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு என்னைவிட்டுப் போகவில்லை. ஒரு விஷயத்தை முதலில் சொன்னது யார் என்று பார்த்தால், சொன்னது அவள்தான்.

அடுத்த தை மாதம் மணல் எடுக்கிறவர்கள் வந்தார்கள். லாரி ஆற்றுக்குள் இறங்க என் படுகை வழியாகப் பாதை கேட்டார்கள். நான் பஞ்சநதத்தைக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னேன். மேட்டையும் சேர்த்து விட்டுக்கொடு, ஊருக்குள் இடம் தருகிறேன் என்றேன்.

"குலை தள்ளுற வாழையில லாரிய விடச் சொல்றீங்களா ஐயா? நான் செத்தப்பறம் பாத்துக்கங்க" என்றான். முறைப்பாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான். துண்டு தோளில் இருந்தது.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று என் மாமனார் அடிக்கடி சொல்வார். நான் அப்படி நினைக்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். செத்த பிறகு பார்த்துக்கொள்ளச் சொன்னான். செத்த பிறகு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்வோமே என்று கும்பகோணத்தில் ஒரு வக்கீலைக் கேட்டேன். பொதுவாகத்தான் கேட்டேன். குத்தகை உரிமை வாரிசுக்குப் போகும், ஆனால் அந்த வாரிசு தானே மண்ணில் இறங்கி உடலுழைக்கிறவனாக இருக்க வேண்டும் என்றார். பஞ்சநதத்துக்கு இரண்டு பிள்ளைகள். மகன் அரசப்பன் அப்பனோடு மண்வெட்டி பிடிப்பவன், கல்யாணம் ஆகாதவன். மகள் ஞானாம்பாள் கும்பகோணத்தில் விடுதியில் தங்கி நர்சு வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வயலில் இறங்குவதில்லை. பூவம்மாள் களை வெட்டுவாள், தண்ணீர் பாய்ச்சுவாள். அப்படியானால் மூன்று பேர். அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆபத்தும் வரக் கூடாது என்பதில் நான் குறியாக இருந்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு அவளோடு எந்த வழக்கும் இல்லை.

அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். ஆவணி மாதம். எங்கள் ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. கொள்ளிடத்து வெள்ளம் எங்கள் வானத்திலிருந்து வருவதில்லை. எங்கோ குடகு மலையில் பெய்து, அணைகள் நிரம்பி வழிந்து, நாங்கள் இங்கே வியர்த்துக்கொண்டிருக்கும்போது வந்து சேரும். வானத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. சேதி தெரிந்தால்தான் உண்டு. அரசப்பனிடம் செல்போன் இருந்தது, ஆனால் படுகையில் சிக்னல் எடுக்காது. கரைமேல் ஏறி நின்றால்தான் எடுக்கும்.

விடியற்காலையில் எழுந்தவுடன் நியூஸ் பார்த்தேன். முக்கொம்பு அணையில் தண்ணீரைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். சாதாரணத் தண்ணீர் இல்லை. பொழுது சாய்வதற்குள் எங்கள் பக்கம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். படுகையில் இன்னும் யாரும் டிவி போட்டிருக்க மாட்டார்கள். சேனலை மாற்றினேன். நாள் முழுக்கப் பழைய படங்களாகப் போடும் ஒரு சேனல் இருக்கிறது. பூவம்மாளுக்கு அது உயிர். பழைய படம் வைக்கச் சொல்லுங்கள் என்று பல நாளாகச் சௌந்தரநாயகியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதைத்தான் போட்டேன்.

வெயில் ஏறும் நேரத்துக்கு அரசப்பன் கொல்லை வாசலில் வந்து நின்றான். தோளில் வாழைத்தார். அந்த வருஷத்து முதல் தார். இறக்கி வைத்துவிட்டு, "இன்னிக்கு நியூஸு ஓடலியே ஐயா, தண்ணி சேதி எதும் உண்டுங்களா?" என்று கேட்டான்.

"காலையிலயே பாத்துட்டேன்டா. ஒண்ணுமில்ல" என்றேன். "ஒங்கம்மா படம் கேட்டாளாமே. அதான் வச்சிருக்கேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது காலையிலேந்து அடுப்பே பத்த வைக்கலிங்க ஐயா."

மோர் கொடுக்கச் சொன்னேன். நின்றபடியே குடித்தான். சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கரையேறிப் போனான். நல்ல பையன். சொம்பு கழுவிவைக்க வேண்டும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு தலையாரி துரைராசு சைக்கிளில் வந்தான். வாசல் கேட்டிலேயே நிறுத்திப் பேசினேன். "ஐயா, பெருந்தண்ணி வருதாம். தாலுக்காபீஸுலேந்து சொல்லிவுட்டாங்க. பஞ்சநதத்துகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அப்படியே கெழக்கால போயிடறேன்" என்றான்.

"அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? டிவிதான் இருக்கே, ஏறி வர்றதுக்கு மூட்டை கட்டிக்கிட்டு இருப்பான். இந்த வெயில்ல நீ எறங்கி ஏறணுமா? கெழக்க டிவி இல்லாத ஜனம் இருக்கு, அதுகளைப் போய்ப் பாரு."

"அதுவும் சரிதான். ஐயா வீட்டு ஒயரு இருக்கயில எனக்கென்ன வேல" என்று சொல்லிவிட்டுப் போனான். உங்களிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான் என்று கேள்விப்பட்டேன். அவன்மேல் குற்றமில்லை. டிவி இருக்கும் வீட்டுக்குப் போய் யாராவது சேதி சொல்வார்களா? அன்றைக்கு ஊரில் ஒருவருக்கும் பஞ்சநதத்தின் ஞாபகம் வராததற்குக் காரணம் அந்த ஒயர்தான். நான் இல்லாவிட்டாலும் ஒயர் இருந்திருக்கும்.

நான் நாள் முழுக்க ஹாலில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன், நேரம் போனது தெரியவில்லை, நியூஸ் வைக்க மறந்துவிட்டேன் என்று முதலில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது சரியில்லை. சேக் தாவூதை நீங்கள் விசாரித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. வைகாசியில் மாடி அறைக்கு இன்னொரு டிவியும் இன்னொரு பெட்டியும் வாங்கினேன். தனியாக. அதன் ஒயர் ஸ்பிளிட்டருக்குப் போகாது. கிரிக்கெட்டுக்கு என்று வீட்டில் சொன்னேன். எனக்குக் கிரிக்கெட் தெரியாது என்பது சௌந்தரநாயகிக்குத் தெரியும், கேட்கவில்லை. அன்றைக்குக் கீழே மூன்று டிவியிலும் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் மாடியில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நியூஸ் பார்த்தேன். முக்கொம்பு, கல்லணை, பிறகு எங்கள் பக்கம். தண்ணீர் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் மேட்டு வீடு தெரியும். பூவம்மாள் துணி உலர்த்தினாள். பஞ்சநதம் ஒரு தடவை வெளியே வந்து, ஆற்றைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். டிவியைத்தான் பார்த்திருப்பான். படம் ஓடிக்கொண்டிருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

பொழுது சாயும் நேரத்துக்கு சௌந்தரநாயகி காப்பி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். டிவியைப் பார்த்தாள். கொள்ளிடம் பொங்கி வருவதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே அடுப்படியிலிருந்து படத்தின் பாட்டு கேட்டது. என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் என்னோடு குடும்பம் நடத்தியவள், அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அந்தத் தகரம் எங்கங்க?" என்றாள்.

"அதப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டு ரெண்டு வருஷமாச்சு" என்றேன்.

காப்பி டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அடுப்படியிலிருந்து ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கரைமேல் போய்க் கரண்டியால் அடித்தாள். ஜன்னலிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. மூன்று பேரும் வெளியே ஓடி வந்தார்கள். பள்ளத்தில் தண்ணீர் அதற்குள் ஆள் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அரசப்பன் ஒயரைப் பிடித்துக்கொண்டு கடக்கப் பார்த்தான். டிவி ஒயர் ஒரு ஆளைத் தாங்காது. மூன்று பேரில் ஒருவர்கூடக் கரையேறவில்லை. மாடு இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு நீந்திக் கரையேறின. மாட்டுக்கு டிவி இல்லை.

அதற்குப் பிறகு சௌந்தரநாயகி அடுப்படி டிவியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். என்னோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டில் சோறு மட்டும் வரும். இங்கே வந்து உங்களிடம் பேசியது அவள்தான் என்று நினைக்கிறேன். அதற்காகவும் எனக்குக் கோபம் இல்லை.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. விடுதி போனிலிருந்து அன்று உச்சிவேளையில் என் வீட்டுக்கு வந்த அழைப்பை நீங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள். மேசைமேல் இருக்கும் அந்தக் காகிதத்தை நான் உட்கார்ந்தபோதே பார்த்தேன். நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஞானாம்பாள்தான். விடுதி டிவியில் பார்த்திருக்கிறாள்.

"ஐயா, கொள்ளிடத்துக்குப் பெருந்தண்ணி வருதுன்னு போடறாங்க. அப்பா அம்மால்லாம் ஏறி வந்துட்டாங்களா ஐயா?" என்றாள். மூச்சு வாங்கியது.

"வந்துட்டாங்கம்மா. நம்ம கொல்லையிலதான் இருக்காங்க."

"அம்மாகிட்ட ஒரு நிமிஷம் குடுக்கறீங்களா?"

"மாடு கட்டப் போயிருக்காளேம்மா. வந்ததும் பேசச் சொல்றேன். நீ ஒழுங்காப் படி."

"நீங்க நல்லா இருக்கணும் ஐயா. நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் நான் இங்க நிம்மதியாத் தூங்கறேன்" என்றாள்.

போனை வைத்தேன். அப்போது பள்ளத்தில் தண்ணீர் வரவில்லை. மண் காய்ந்துதான் கிடந்தது. தகரம்கூட வேண்டாம், கரைமேல் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். ரிமோட் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் மூன்று பேரும் மூட்டையோடு வந்து என் கொல்லையில் உலை வைத்திருப்பார்கள். நான் மாடிப்படி ஏறினேன்.

அந்தப் பெண் இப்போது படிப்பை விட்டுவிட்டாள். படுகையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளம் வடிந்ததும் சேற்றில் இறங்கித் தானே வாழைக்கட்டை நட்டாள். மண்வெட்டி பிடித்துக் கை இரண்டும் கொப்புளம். தாசில்தாரிடம் வாரிசாக மனுக் கொடுத்துவிட்டாளாம். அவள் அப்பனின் துண்டு கிடைத்ததா என்று தெரியவில்லை. ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறாள். இலுப்பை மரத்தில் யாரோ புதுத் தகரம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். சௌந்தரநாயகி கட்டியிருப்பாள்.

ஆக, நிலமும் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. இதில் எனக்கு என்ன லாபம் என்று நீங்களே சொல்லுங்கள். நான் யாரையும் தள்ளிவிடவில்லை. யார் மேலும் கை வைக்கவில்லை. கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே, அந்த வீட்டுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவன் நான்தான் என்பதையும், பூவம்மாள் ஆசைப்பட்டதை அன்றைக்குப் போட்டவன் நான்தான் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நியாயம் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

தண்ணீர் வந்த சமயத்தில் என்ன படம் ஓடியது என்று கேட்கிறீர்கள். போனை வைத்துவிட்டு மாடி ஏறியவன் கீழே இறங்கி வரவே இல்லை, எனக்கு எப்படித் தெரியும்? பூவம்மாளைக் கேட்டால் சொல்வாள்.